ஒன்பது வயதில் வாசித்த கடிதம்

இருபத்தாறு மணித்தியாலம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குச் சின்னம்மாவைக் கூட்டிவருவதாக அவரின் உறவுக்காரி நிலாணி சொல்லியிருந்தாள். இப்போது சனிக்கிழமை காலை பதினொரு மணி. என்னை வளர்த்த மாம் குசினி மேசையில் இருந்து, வரப்போகிறவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். இருபத்துமூன்று பேர்.

“ஒரு மனுசியைப் பார்க்க இவ்வளவு பேரும் வரவேணுமா, மாம்?”

“வரவேணும். உன்னை வேண்டாமெண்டு விட்டவ எல்லோ. உனக்கு எத்தினை பேர் இருக்கினம் எண்டு எண்ணிப் பார்க்கட்டும்.”

கொலம் கராஜிலிருந்து மடக்குக் கதிரைகளைத் தூக்கிவந்தான். மாமின் ஏழு பிள்ளைகளில் மூத்தவன், நாற்பத்தேழு வயது. மற்ற ஆறு பேரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் மட்டும் அண்ணா என்பேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த நாளிலிருந்து அவன் அதை விட்டுக்கொடுப்பதில்லை. வீட்டில் மரியாதை தெரிந்த ஒரே ஆள் நான்தானாம்.

“கதிரை காணாது,” என்றான். “கோயில் வாங்கு ரெண்டைக் கழட்டிக்கொண்டு வரட்டோ? பாதருக்கும் ஒரு சாப்பாடு குடுத்தாச் சரி.”

நான் சிரித்தேன்.

என் அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வந்து அஜின்கோர்ட்டில் இந்த வீட்டின் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தவர்கள். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் இருவரும் இறந்தார்கள். அன்று பின்னேரம் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூட்டிவந்தது மாம். படியேறி மேலே போனேன். பிறகு கீழே போய் இருக்கவில்லை. கட்டில் போட இடமில்லாததால் கடைசி மகள் நோறாவின் கால்மாட்டில் படுத்தேன்.

மாமும் அவரின் கணவர் டாவும் அயர்லாந்திலிருந்து வந்து அப்போது பத்தொன்பது வருடங்கள் ஆகியிருந்தன. கோர்ட்டுக்குப் போய் எனக்குக் காப்பாளர்கள் ஆனார்கள். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தபோது, அம்மாவின் தங்கை இராஜேஸ்வரி வன்னியில் இருப்பதாகத் தெரிந்தது. அங்கே சண்டை. கடிதம் போகவில்லை.

ஏழு வயதிலிருந்து சனிக்கிழமைகளில் மாம் என்னைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போனார். மாமின் ஆட்கள் அயர்லாந்தில் தங்கள் மொழியைத் தொலைத்தவர்கள். “எனக்கு அது கிடைக்கேல்லை. உனக்குக் கிடைக்கவேணும்,” என்பார். வகுப்பு முடியும்வரை வெளியே காரில் இருப்பார். என்னை வளர்த்த அப்பாவை நான் ‘டா’ என்று கூப்பிடுவதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. அயர்லாந்துக்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டா இறந்து நான்கு வருடமாகிறது.

2010 மார்கழியில் சின்னம்மாவின் கடிதம் வந்தது.

எங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் கடிதம் வாசிப்பவர்கள்தான். வங்கிக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், டொக்டரின் கடிதம். ஆங்கிலத்தில் வருவதைப் பெற்றோருக்குத் தமிழில் சொல்வோம். என் வீட்டில் மட்டும் அது மறுபக்கம். தமிழில் வந்ததை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவள் ஒன்பது வயதான நான்.

கடிதத்தில் இருந்தது இதுதான்: முகாமிலிருந்து வந்துவிட்டேன். இருக்க ஒரு வீடு இருக்கிறது. அக்காவின் பிள்ளையை என்னிடம் அனுப்பி வையுங்கோ.

நான் வாசித்தது: எனக்கு வசதியில்லை. பிள்ளையை நீங்களே வைத்திருங்கோ.

கடைசிப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. அவற்றை நான் மாற்றியும் வாசிக்கவில்லை. வாசிக்காமலே விட்டுவிட்டேன். இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

மாம் அன்று கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு பதில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். “எப்ப வேணுமெண்டாலும் வந்து பிள்ளையைப் பாருங்கோ,” என்றார். “பிள்ளையைத் தரமாட்டோம். இனி எழுத வேண்டாம்,” என்று எழுதினேன். சின்னம்மா பிறகு எழுதவில்லை.

நான் உயிர் இரசாயனவியல் படித்தவள். மார்க்கம் நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் தண்ணீர் மாதிரிகளைப் பரிசோதிக்கிறேன். ஒரு பிழை எங்கே தொடங்கியது என்று தேடிப் பிடிப்பது என் வேலை. இந்தப் பிழைக்குத் தேடல் தேவையில்லை.

மாம் எதையும் பொறுப்பார், பொய்யைத் தவிர. தன் சொந்தத் தம்பியுடன் இருபது வருடம் பேசவில்லை, ஒரு பொய்க்காக. தம்பி செத்தபோதும் போகவில்லை. மற்ற ஏழு பேரும் என்ன செய்தாலும் அவர் பெற்ற பிள்ளைகள். நான் அவர் எடுத்து வைத்திருக்கும் பிள்ளை. எடுத்ததைத் திருப்பி வைக்கலாம். இருபத்துநான்கு வயதில் இப்படி நினைப்பது முட்டாள்தனம் என்று தெரியும். தெரிந்தும் நினைத்தேன்.

மத்தியானம் ஷெப்பர்ட் வீதித் தமிழ்க் கடைக்கு மாமும் நானும் போனோம்.

“அவ மச்சம் சாப்பிடுவாவோ?” என்று மாம் கேட்டார். மீன், இறைச்சிக்கு நாங்கள் சொல்லும் மச்சம் என்ற சொல்லைத் தமிழிலேயே சொன்னார்.

“தெரியாது.”

“அப்ப ரெண்டும் செய்வம். கோவம் வேறை, சாப்பாடு வேறை.”

கடைக்காரி பாலேஸ்வரி அன்ரி கத்தரிக்காயைத் தராசில் நிறுத்தபடி என்னைப் பார்த்து, மாமைப் பெயர் சொல்லித் தமிழில் கேட்டார். “என்ன மொறீன், இவ்வளவு மரக்கறி? மகளுக்குக் கலியாணப் பேச்சோ? எனக்குச் சொல்லவேயில்லை.”

நான் அதை மாமுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

“கலியாணமில்லை, விசாரணை எண்டு சொல்லு,” என்றார் மாம்.

அதைச் சிரிப்பாகத்தான் சொன்னார் என்று பாலேஸ்வரி அன்ரி நினைத்தார். ஒரு கட்டுக் கறிவேப்பிலையைச் சும்மா போட்டுவிட்டார்.

காரில் ஏறியதும் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்திருந்தேன். மக்கோவன் சந்தியில் சிவப்பு விளக்கு.

“மாம்.”

“என்ன செல்லம்?”

“அந்தக் கடிதம்.”

“பத்திரமா இருக்கு. பயப்பிடாதை. நாளைக்கு அந்தப் பிள்ளை நிலாணியைக் கொண்டு எல்லாருக்கும் முன்னால வாசிப்பிக்கப்போறன். உனக்கு வாசிக்கக் கஸ்ரமா இருக்கும். ஒருக்கா வாசிச்சது போதும்.”

விளக்குப் பச்சையானது. நான் கறிவேப்பிலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் நிலாணிக்குத் தொலைபேசி எடுத்தேன். சின்னம்மாவின் கணவர் பக்கத்து உறவு; யூனியன்வில்லில் இருக்கிறாள். அவளுடைய கலியாணத்துக்குத்தான் சின்னம்மா விசிற்றர் விசாவில் வந்திருந்தார்.

“நீ வரத் தேவையில்லை, நிலாணி. கொண்டுவந்து விட்டாப் போதும். நான் மொழிபெயர்க்கிறன்.”

“ஆர் யூ ஓகே? கொஞ்ச நேரமாவது நிப்பன். அவ தனிய இருக்கப் பயப்பிடுறா.”

“என்ன பயம்?”

“வைற் லேடி கத்துவாவோ எண்டு காலமையிருந்து கேக்கிறா. ஒரே சீலையை மூண்டு தரம் அயர்ன் பண்ணிப்போட்டா. பாவம்.”

நான் வேறு ஏதோ சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வந்துசேர்ந்தார்கள். தெரு முழுக்க எங்கள் கார்கள். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நிலாணி சின்னம்மாவை வாசலில் இறக்கிவிட்டு, கார் நிறுத்த இடம் தேடிப் போனாள்.

சின்னம்மா சின்ன உருவமாக இருந்தார். சீலைக்கு மேல் யாருடையதோ ஜக்கெற். கையில் ஒரு பூச்சாடி. அறை நிறைய நின்ற ஆட்களைப் பார்த்து எல்லோருக்கும் பொதுவாகக் கும்பிட்டார். கொலம் பதிலுக்குக் கும்பிட்டான். என்னிடம் வந்தபோது கையைத் தூக்கினார். என் முகத்தைத் தொடலாமா என்று மாமைப் பார்த்தார். தொடாமல் கையை இறக்கினார்.

மாம் அவரை இருத்தினார். தேநீர் ஊற்றி, சீனி வேண்டுமா என்று சைகையால் கேட்டு, இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக் கையில் கொடுத்தார். பிறகு எதிரே இருந்தார்.

“கேள் அவவிட்டை,” என்றார். “பதினைஞ்சு வருசம். ஒரு பிறந்தநாள் கார்ட் இல்லை. ஏன் பிள்ளையை வேண்டாமெண்டவ?”

“என்னவாம், பிள்ளை?” என்று சின்னம்மா கேட்டார். “கோவமோ? நான் சண்டைக்கு வரேல்லை எண்டு சொல்லு. வளத்தவ. நான் ஒண்டும் சொல்லேலாது. ஆனா ஏன் தரமாட்டன் எண்டவ? நான் என்ன பிழை விட்டனான் எண்டு மட்டும் கேட்டுச் சொல்லு.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலாணி இன்னும் வரவில்லை. இரண்டு மொழியும் தெரிந்தவள் இந்த அறையில் மறுபடியும் நான் மட்டும். சின்னம்மா மன்னிப்புக் கேட்கிறார் என்று மாமிடம் சொல்லலாம். மாம் மன்னிப்புக் கேட்கிறார் என்று சின்னம்மாவிடம் சொல்லலாம். இரண்டு பேரும் அழுவார்கள். சாப்பிடுவோம். நிலாணி கதவைத் தட்டும்வரை அது நிற்கும்.

“மாம்,” என்றேன். “அவ வேண்டாமெண்டு எழுதேல்லை. என்னை அனுப்பச் சொல்லித்தான் எழுதினவ. நான் மாத்தி வாசிச்சனான். நீங்கள் சொன்ன பதிலையும் மாத்தி எழுதினனான்.”

அதையே தமிழில் சின்னம்மாவுக்குச் சொன்னேன். தமிழில் சொல்லும்போது என் குரல் சிறு பிள்ளையின் குரல் போல வந்தது.

நோறா தன் மகனின் வாயைப் பொத்தினாள். மாமின் முகத்தில் எனக்குத் தெரியாத ஒன்று வந்து போனது. அவருடைய தம்பியின் பெயரைச் சொன்னால் வருவது அதுதானோ என்று நினைத்தேன்.

“ஒன்பது வயசு,” என்றார் மாம், யாரையும் பார்க்காமல். “ரெண்டு வருசம் சனிக்கிழமையில படிச்சவள். என்னத்தை வாசிப்பாள்? விளங்கினதை வைச்சுச் சொல்லியிருக்கிறாள். பிழை என்ரை. ஒரு பெரிய ஆளிட்டைக் குடுத்திருக்கவேணும். பாலேஸ்வரியிட்டைக் குடுத்திருக்கலாம்.”

மாம் சொன்னது சின்னம்மாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னதும் அதேதான். “அழாதை, பிள்ளை. என்ர கையெழுத்துப் பெரியாக்களுக்கே விளங்காது. குழந்தைப்பிள்ளை நீ. உனக்கு அப்ப என்ன விளங்கியிருக்கும்?”

நான் அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தலையை ஆட்டினால் போதும். இரண்டு பேரும் என்னை விட்டுவிடத் தயாராக இருந்தார்கள். கொலம் என் பின்னால் வந்து நின்றான். அவனும் நான் தலையாட்ட வேண்டுமென்று காத்திருந்தான் என்று நினைக்கிறேன்.

கதவு திறந்தது. நிலாணி சப்பாத்தைக் கழற்றப் போனவள், எல்லோருடைய முகத்தையும் பார்த்து அப்படியே நின்றாள்.

“நான் சொல்லுறதை மாமுக்கு இங்கிலீசில சொல்லு, நிலாணி,” என்றேன். “ஒண்டும் விடாமல் சொல்லு.”

சின்னம்மாவின் பக்கம் திரும்பினேன்.

“எனக்கு எல்லாம் விளங்கினது, சின்னம்மா. கடைசிப் பக்கத்தில, உங்கட மகள் சண்டையில செல் விழுந்து செத்துப்போனா எண்டு எழுதியிருந்தனீங்கள். அவவுக்கும் என்ர வயசு, இனி எனக்கு ஒருத்தருமில்லை எண்டு எழுதியிருந்தனீங்கள். அது எனக்கு விளங்கினது. விளங்கித்தான் எழுத வேண்டாமெண்டு உங்களுக்கு எழுதினனான்.”