கோடு போட்ட போத்தல்

"சீனாவில சோஸ் ஒண்டுதான். நிறம் கறுப்பு. மிச்சமெல்லாம் லேபல் ஒட்டுற கொம்பனிக்காரரின்ர வயித்துப்பிழைப்பு."

லவன் இதைப் பகிடியாகச் சொல்லவில்லை. டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்து மாணவர் விடுதி ஒன்றில், பன்னிரண்டு பேர் பங்குபோடும் குசினியின் நடுவில், கரண்டியைச் செங்கோல்போலப் பிடித்தபடி, சபையில் தீர்மானம் வாசிப்பவனின் முகத்தோடு சொன்னான். ஆதாரமும் வைத்திருந்தான். தெற்கே வைலே நகரில் அவன் வீட்டு அலுமாரியில் அவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரே ஒரு கறுப்புப் போத்தல்தான். அம்மா தவமலர் அதைத்தான் ஃபிரைட் றைஸுக்கு விடுவார், நூடில்ஸுக்கு விடுவார், டெவில் கோழிக்கும் விடுவார். சாப்பாட்டு மேசையின் காலில் கீறல் விழுந்தபோது அதையே பஞ்சில் தொட்டுப் பூசினார். மேசை இன்றைக்கும் பார்வைக்குக் குறைவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தவள் மின்ஷியா. சீனாவின் வடக்கே ஷான்ஷி மாகாணத்திலிருந்து ஒரு வருடப் படிப்புக்கு வந்தவள். குசினியில் லவனுக்கு அடுத்த அலுமாரிக்காரி. அவள் யாழ்ப்பாணத் தமிழ் கதைத்தாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இருவரும் கதைத்தது ஆங்கிலம். லவனுடைய மண்டைக்குள் அது இப்படித்தான் போய் விழுந்தது.

"ஓமோ? கன்ரொன் பக்கத்தில சிப்பியைக் காய்ச்சி இனிப்பா ஒண்டு செய்யினம். அது?"

"கறுப்பு."

"சிச்சுவான்காரர் அவரையையும் மிளகாயையும் வருசக்கணக்கா ஊறப்போட்டு எடுக்கினம். அது சிவப்பு."

"வெயில்பட்டு வெளிறியிருக்கும்."

"பெய்ஜிங்கில மாவைப் புளிக்கவைச்சு ஒரு இனிப்புக் களி—"

"என்ன நிறம்?"

"கறுப்புத்தான்," என்று அவள் ஒத்துக்கொண்டாள். "அப்ப உங்கட வீட்டுச் சம்பலும் ஊறுகாயும் ஒண்டோ? ரெண்டும் சிவப்புத்தானே?"

"அது வேற கதை."

"எப்பிடி வேற கதை?"

உயர்ந்த கொள்கைகளுக்கு இப்படியான இடைஞ்சல்கள் வருவது வழக்கம்தான்.

மின்ஷியாவின் ஊருக்குப் பெருமை சோஸால் இல்லை, வினாகிரியால், கறுப்பான புளிக்காடியால். இறுங்குச் சோளத்தில் செய்து, தாழிகளில் ஊற்றி, முற்றத்தில் வைத்துவிடுவார்களாம். கோடையில் வெயில் அதில் ஒரு பங்கைக் குடிக்கும். குளிர்காலத்தில் மேலே உறைகிற ஐஸை அள்ளி எறிவார்கள். வருடம் போகப்போகத் தாழி குறையும். குறையக்குறைய ருசி ஏறும். அவளுடைய அப்பாவுக்கு அப்படியொரு முற்றத்தில்தான் வேலை. மகள் புறப்பட்டபோது ஆறு போத்தல் கட்டிக் கொடுத்திருந்தார். ஆறாவதை அவள் ஜூன் முதலாம் திகதி திறந்தாள். திறந்த கையோடு போத்தலின் ஒரு பக்கத்தில் பேனையால் ஏழு கோடு போட்டாள். கிழமைக்கு ஒரு கோடு. ஏழாவது கோடு முடிகிற அன்று விமானம்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஏழு மணிக்கு, சாப்பிடமுன், ஒரு கரண்டி வினாகிரி ஊற்றுவாள். கண்ணை மூடுவாள். அப்படியே குடிப்பாள்.

"பெற்றோல் அடிச்சாச்சோ?" என்பான் எதிரே இருக்கும் லவன்.

"அடிச்சாச்சு."

"கோடெல்லாம் போட்டு, மருந்துப் போத்தல்மாதிரி. என்ன வருத்தம்? இருமலோ, வீட்டு ஞாபகமோ?"

"ரெண்டும்."

அவள் இல்லாத நேரத்தில் கண்ணை மூடி, கரண்டியை உறிஞ்சி, சொர்க்கத்தைக் கண்டவன்போல முகத்தை வைத்து முழுக் குசினிக்கும் நடித்துக் காட்டுவான். அவள் இருக்கும்போதும் நடிப்பான். எல்லாரையும்விட அவள்தான் கூடச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் பசிக்காத நாட்களிலும் ஏழு மணிக்குக் குசினிக்குப் போனான். இதை அவன் யாருக்கும் சொல்லவில்லை. தனக்கும் சொல்லவில்லை. ஆனால் எத்தனை கோடு மிச்சம் என்பது, கோடு போட்டவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்று கோடு மிச்சம் இருந்த சனிக்கிழமை, தங்கச்சி கிருசாந்தியின் லொறி வைலே வீட்டுக்கு வந்தது.

டென்மார்க்கில் ஜிம்னாசியம் எனப்படும் உயர்வகுப்பை முடித்த பிள்ளைகள் வெள்ளைத் தொப்பி போட்டு, ஒரு லொறியில் ஏறி, வகுப்பிலுள்ள எல்லார் வீட்டுக்கும் ஊர்வலம் போவார்கள். போகிற வீடெல்லாம் உபசரிக்க வேண்டும். "மற்ற வீடுகளில சிப்ஸ் குடுக்கட்டும். நாங்கள் சோறு குடுப்பம்," என்று தவமலர் முடிவெடுத்திருந்தார். முப்பது பேருக்கு ஃபிரைட் றைஸ். கறுப்புப் போத்தல் பாதியில் முடிந்துவிடும் என்று பயந்து, வரும்போது ஒன்று கொண்டுவரும்படி மகனுக்குச் சொன்னார். லவன் மின்ஷியாவுக்குச் செய்தி அனுப்பினான். அவள் நண்பிகளோடு கோபன்ஹேகன் போயிருந்தாள், திங்கட்கிழமைதான் திரும்புவாள். "எடு, அலுமாரியில கிடக்கு," என்று பதில் வந்தது.

அலுமாரியில் நான்கு கறுப்புப் போத்தல்கள், நான்கிலும் சீன எழுத்து. கொள்கைப்பிடிப்புள்ளவன் என்பதால் முன்னுக்கு நின்றதை எடுத்துப் பையில் போட்டான். வினாகிரிப் போத்தலை அவன் எப்போதும் எதிர்ப் பக்கத்திலிருந்து, கோடுகள் தெரியத்தான் பார்த்திருக்கிறான். அதன் லேபல் பக்கம் அவனுக்குப் பழக்கமில்லை.

"டேய், லொறி சந்திக்கு வந்திட்டுதாம். சோஸை விடு!"

"எவ்வளவம்மா?"

"நிறம் வரும்மட்டும் விடன்!"

நிறம் வரச் சுணங்கியது. வெங்காயமும் மிளகாயும் புகைந்த புகையில் மணம் எதுவும் பிடிபடவில்லை. போத்தல் முடிந்தபின்தான் அதைத் திருப்பினான். ஏழு கோடு.

தவமலர் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். "என்னத்தையடா விட்டனி? கலியாணவீட்டுச் சோறு மூண்டு நாள் கிடந்தமாதிரிப் புளிக்குது!"

வெளியே லொறி ஹோர்ன் அடித்தது. தவமலர் இரண்டு பிடி சீனியும் ஒரு பிடி பச்சைமிளகாயும் அள்ளிப் போட்டுக் கிளறினார். முப்பது வெள்ளைத் தொப்பிகளும் சட்டியை வழித்துத் துடைத்தன. ஒரு பொடியன் எப்படிச் செய்தது என்று டேனிஷில் கேட்டான். "அது எங்கட குடும்ப ரகசியம்," என்றார் தவமலர். லவன் வெறும் போத்தலோடு குசினி மூலையில் நின்றான்.

திங்கட்கிழமை ஓகூஸில் ஆசியச் சாமான் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினான். வாழ்க்கையில் முதன்முறையாக லேபல் வாசித்தான். ஷான்ஷி எங்கேயும் இல்லை. கடைசிக் கடையில் ஜென்ஜியாங் என்ற ஊரின் வினாகிரி இருந்தது.

"இது அரிசியில செய்தது. எனக்கு இறுங்கில செய்தது வேணும்," என்றான்.

"எல்லாம் ஒண்டுதான். கறுப்புத்தானே?" என்றாள் கடைக்காரி.

அந்த வசனத்தை வெளியே இருந்து கேட்டபோது அது அவ்வளவு அழகாக இல்லை.

வேறு வழியில்லை. வாங்கிவந்து, பழைய போத்தலில் மூன்று கோடு நிற்கும்படி அளந்து ஊற்றி, இருந்த இடத்திலேயே வைத்தான். ஏழு மணிக்கு மின்ஷியா வந்தாள். ஊற்றினாள். கண்ணை மூடினாள். குடித்தாள். மூடிய கண் உடனே திறக்கவில்லை.

"இது ஜென்ஜியாங்," என்றாள். "தெற்கு."

லவனிடம் மூன்று பகிடிகள் ஆயத்தமாக இருந்தன. மூன்றையும் விட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னான்.

"எத்தினை பேர் சாப்பிட்டவை?"

"முப்பது."

"மிச்சம் விட்டவையோ?"

"இல்லை. சட்டியை வழிச்சவை."

"அப்பாட்டச் சொல்லவேணும். சந்தோசப்படுவார்," என்றாள். பிறகு எழுந்துபோய், குழாயைத் திறந்து, அந்த ஒரு கரண்டியை நீண்டநேரம் கழுவினாள்.

அந்த மூன்று கோட்டையும் நாள் தவறாமல் குடித்து முடித்தாள். குறை சொல்லவில்லை. ஆனால் கண்ணை மூடவில்லை. அதைக் கவனித்தபிறகு லவன் பெற்றோல் கதையை எடுக்கவில்லை.

விமானம் ஏற அவள் போகவேண்டிய கோபன்ஹேகன் ரயில் வைலே வழியாகத்தான் போகும். "எனக்கும் வீட்டை போற அலுவல் கிடக்கு," என்று பொய் சொல்லி அவளோடு ஏறினான். முக்கால் மணித்தியாலம். அதில் பாதி, பெட்டியின் நிறையைப் பற்றிக் கதைத்தே போனது.

"தையில அப்பாவின்ர முற்றத்தில ஐஸ் அள்ளுவினம். வந்து பாரன்," என்றாள் மின்ஷியா.

"ஐஸ் பாக்க டென்மார்க்கிலயிருந்து ஒருத்தன் சீனாவுக்கு வாறதோ? எங்கட வீட்டு ஃபிறீசரிலயே கிடக்கு."

அவள் சிரித்தாள். சிரித்து முடித்தபின்னும் அவனையே பார்த்தாள். "வாறியோ, இல்லையோ?"

"பாப்பம்."

வைலே வந்தது. இறங்கினான். கண்ணாடிக்குள் கை அசைந்தது. கடைசிப் பெட்டியும் போய், தண்டவாளம் வெறுமையானபிறகுதான் 'ஓம்' என்ற சொல் வாய்வரை வந்து நின்றது. மேடையில் அதைக் கேட்க ஒருவரும் இல்லை.

ஓகஸ்டில் அடுத்த அலுமாரிக்கு யாரோ ஒருவனின் ஓட்ஸ் பைகள் வந்தன. லவனுடைய அலுமாரியில் ஜென்ஜியாங் போத்தல் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. ஒருநாள் ஏழு மணிக்கு அதை எடுத்து மேசையில் வைத்தான். பேனையைத் திறந்து, அதன் பக்கத்தில் கோடு போடத் தொடங்கினான். தை மாதம்வரை வரவேண்டும் என்றால் கோடுகளை மிக நெருக்கமாகத்தான் போடவேண்டியிருந்தது.

குசினியில் ஆள் இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். இல்லை. இருக்கிறதில் சின்னக் கரண்டியை எடுத்து ஊற்றினான். கண்ணை மூடிக் குடித்தான்.