காற்றுக்குத் தடையில்லை

அந்தப் பம்பு ஏறி இறங்குகிறது, ஏறி இறங்குகிறது, பிடியில் மழை வழிகிறது, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்த சனம் நாவற்குழிப் பாலத்தில் அசையமுடியாமல் நிற்கிறது, என் மடியில் மூன்று வயது ஜெசிந்தா மூச்சுக்குத் தவிக்கிறாள், ஆஸ்பத்திரியில் தந்த மருந்துக் கிண்ணமும் முகமூடியும் கையில் இருக்கின்றன, மருந்தை ஆவியாக்க மின்சாரம்தான் இல்லை, முன்பின் தெரியாத ஒருவன் தன் சைக்கிள் பம்பைக் கழற்றிக் குழாயில் பூட்டி அடிக்கத் தொடங்குகிறான், கை நோகுமே தம்பி என்கிறேன், பெற்றோலுக்குத் தடை, பற்றரிக்குத் தடை, காத்துக்கு இன்னும் தடை போடேல்லை அக்கா, நீங்கள் பிள்ளையைப் பிடியுங்கோ என்று சிரிக்கிறான், அவள் முகத்தில் ஆவி படர்ந்தது, நெஞ்சின் இழுப்புத் தணிந்தது, மடு மாதாவே, அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை, கேட்பதற்குள் சனம் நகர்ந்துவிட்டது, இப்போதும் சனம்தான், ஆனால் இது யாழ்ப்பாணத்துத் தேசியக் கண்காட்சி, போர் தின்ற நாடு எழுந்து நிற்பதைப் பார்க்க வந்த சனம், ஜெசிந்தாவுக்கு இருபத்தேழு வயது, எஞ்சினியர், மின்சாரமில்லாத வீடுகளுக்கென்று பற்றரி மோட்டரோடு அவள் செய்த ஆவி மருந்துப் பெட்டி மேசையில் இருக்கிறது, நடுவர்களுக்குப் பிடித்தால் கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு நூறு செய்வார்களாம், அம்மா, கதிரையில் இருங்கோ, ஒண்டையும் தொடாதேங்கோ என்றாள், நான் தொடவில்லை, வயலுக்கு மருந்து தெளிக்கும் குட்டி விமானமொன்றைத் தலைக்கு மேல் பறக்கவிட்டார்கள், அந்த இரைச்சல், அவ்வளவுதான், மகளை இழுத்து நிலத்தில் விழுத்தி அவள்மேல் கவிழ்ந்து படுத்தேன், மேசை சரிந்து பெட்டி விழுந்தது, இளசுகள் சிரித்தார்கள், என் வயதுக்காரர் நாலைந்து பேர் சிரிக்கவில்லை, அவர்களும் தலையைப் பொத்திக் குந்தியிருந்தார்கள்.

மோட்டர் செத்துப்போச்சு அம்மா என்றாள், இரண்டு மேசை தள்ளி நடுவர்கள், அன்று ஒருவன் காப்பாற்றித் தந்த பிள்ளையின் உழைப்பை இன்று நானே உடைத்துவிட்டேனே, அப்போது வாசலில் பலூன் விற்பவர் தன் கைப்பம்போடு ஓடிவந்தார், இந்தா பிள்ளை, பலூன் பிறகும் ஊதலாம், ஜெசிந்தா பெட்டியின் பக்கத்திலிருந்த ஒரு துளையில் அதைப் பூட்டினாள், இதென்ன துளை என்றேன், பம்புக்குத்தான் அம்மா, பாலத்தில நிண்ட அந்த மாமாவை நினைச்சு வைச்சனான், நடுவரான டொக்டர் அம்மா குனிந்து, மோட்டர் இல்லாமலும் ஓடுமோ என்றார், ஓடும் மிஸ், நான் அப்பிடித்தான் பிழைச்சனான் என்றாள் ஜெசிந்தா, பம்பின் பிடியை நான் எடுத்துக்கொண்டேன், டொக்டர் அம்மா முகமூடியைத் தன் முகத்தில் வைத்து மூச்சிழுத்தார், ஆவி அவருடைய கண்ணாடியை மூடியது, நூறு பெட்டியிலயும் இந்தத் துளை இருக்கவேணும் மகள் என்றார், ஜெசிந்தா என் தோளில் முகம் புதைத்தாள், அவள் மூச்சு சீராக வந்தது, நான் பலூன்காரரிடம் உங்கட பேரென்ன அண்ணை என்று கேட்டேன், நாகமணி என்றார், கை நோகப்போகுது தங்கச்சி, விடுங்கோ, நான் அடிக்கிறன், இல்லை அண்ணை என்றேன், வெயில் கூடாரத்துக்குள் விழுகிறது, பம்பு ஏறி இறங்குகிறது, ஏறி இறங்குகிறது, என் கையில்.