கூடு கட்டிக்கொண்ட புறா

டெல்மிராவுக்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டும். எவரிஸ்தோ எங்கே?

கரும்பு வெட்ட மலையிறங்கிப் போனவர்கள் இரண்டு பேர். அவள் புருஷன் எவரிஸ்தோ, அவன் கூட்டாளி அனக்ளேத்தோ. திரும்பி வந்தது அனக்ளேத்தோ மட்டும். வந்ததிலிருந்து ஆளைப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போனால் பின்பக்கமாக நழுவுகிறான். சந்தையில் கண்டால் லாமா மந்தைக்குள் புகுந்துகொள்கிறான்.

இன்று நழுவ முடியாது. இன்று கார்னிவல் திருவிழா. ஆட்ட வட்டத்துக்குள் ஒருத்தி பாட்டாகக் கேள்வி கேட்டால் பாட்டிலேயே பதில் சொல்லியாக வேண்டும். ஆள் பெயர் வரக்கூடாது. மலை, ஆறு, பறவை, அவ்வளவுதான்.

எல்லார் முகத்திலும் மாவு. காதோரம் திருநீற்றுப் பச்சிலைக் கொத்து. சோளக் கள் கைமாறிக்கொண்டிருந்தது. டெல்மிரா சின்னத் தோல்மேளத்தைத் தட்டியபடி நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"சோடிப் புறா மலையிறங்கிப் போயிருச்சு,
ஒத்தப் புறா மட்டுந்தான் வந்திருச்சு,
மத்தது எங்கே தங்கிருச்சு?"

அனக்ளேத்தோ தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"என்ன கொழுந்தா, நாக்கை லாமா மேஞ்சிருச்சா?" என்று சீண்டினாள் பக்கத்து வீட்டு பெத்ரோனா. ஒரே சிரிப்பு.

அவன் தரையைப் பார்த்துப் பாடினான்.

"கீழ்க்காட்டு மரத்துல பச்சையக் கண்டுச்சு,
அங்கேயே கூடு கட்டிக்கிச்சு."

கூடு என்றால் இன்னொருத்தி. பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"அட, அங்கே குடும்பமே ஆயிருச்சா!" யாரோ விசிலடித்தார்கள்.

உயிரோடு இருக்கிறான்! அந்த நிம்மதி வந்த வேகத்திலேயே ஆத்திரமாக மாறியது. மேளம் அதிர அடித்தாள்.

"கட்டின கூட்டுல கல்மழை கொட்டட்டும்,
காட்டுப் புறாவ மண்ணு மூடட்டும்!"

அனக்ளேத்தோ வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"பதில்! பதில்!" கூட்டம் காலால் தரையை உதைத்தது. மறுபடி திறந்தான். ஊஹூம்.

பதில் இல்லையென்றால் தோல்வி. பெத்ரோனா இரண்டு கை மாவையும் டெல்மிரா தலையில் கொட்டினாள். "ஜெயிச்சுட்டேடி! மனுஷன் வாயையே தைச்சுட்டே!"

டெல்மிரா சிரிக்கவில்லை. பாட்டில் தோற்றவன் அசடு வழிவான், கள்ளைக் கேட்பான். இவன் கன்னத்து மாவில் கண்ணீர் கோடு கிழித்திருந்தது. கூட்டாளி சந்தோஷமாகக் குடித்தனம் நடத்துகிறான் என்றால் எவனாவது அழுவானா?

மண்ணு மூடட்டும். அவள் பாடிய வரி அவளுக்கே திரும்பக் கேட்டது.

கிட்டப் போனாள். "ஏன் தம்பி பொய் சொன்னே?"

"கோவமா இருந்தா... அழமாட்டீங்கன்னு நினைச்சேன் மதினி."

"எங்கே வச்சிருக்கீங்க?"

"கரும்பாலைக்குப் பின்னாடி. காய்ச்சல்ல போயிட்டான். நான்தான் குழி வெட்டினேன்."

"ஜெயிச்சவ பாடணும்! இன்னொண்ணு, டெல்மிரா!" என்று வட்டம் கைதட்டியது.

அவள் மேளத்தின் தோல்மேல் உள்ளங்கையை அழுத்தி அப்படியே நின்றாள்.