எச்சில் மவுத்பீஸ்

வித்யாலக்ஷ்மி தண்ணீர் குடித்தால் டம்ளர் உதட்டில் படாது. பாலிகஞ்ச் வீட்டில் யாருக்குமே படாது. ட்ரம்பெட் ஊதுகிறவளுக்கு இது சங்கடமான பழக்கம்தான். ஆனால் அவள் ட்ரம்பெட் புதிதாக வாங்கியது. வேறு வாய் அதில் பட்டதில்லை.

டாலிகஞ்சில் ஞாயிறுதோறும் கூடும் பேண்டில் அவள் நான்கு வருடமாக மூன்றாவது ட்ரம்பெட். முதல் ட்ரம்பெட்காரர் மாற்றலாகிப் போனதில் அவர் இடம் காலியாயிற்று. அடுத்த ஞாயிறு அதற்குத் தேர்வு. உச்ச ஸ்வரம் ஒன்றைப் பன்னிரண்டு எண்ணும்வரை பிசிறில்லாமல் நிறுத்த வேண்டும். அவளுக்கு ஏழிலேயே உடைந்தது. வாய் வைத்து ஊதும் மவுத்பீஸின் முலாம் உரிந்து, விளிம்பு உதட்டை அறுத்தது.

"வேற வாங்கிக்கோ. யார் யாரோ வாய் வெச்சதை மட்டும் எடுத்துண்டு வராதே," என்றாள் அம்மா ராஜலக்ஷ்மி.

புதன்கிழமை ரவீந்திர சரணித் தெருவின் வாத்தியக் கடையில் இரண்டு மவுத்பீஸை எடுத்து வைத்தார்கள். ஒன்று உறை பிரிக்காத புதியது. மற்றது பழையவை கிடந்த தட்டிலிருந்து வந்தது. வெள்ளி முலாம், நல்ல கனம். இரண்டையும் ஊதிப் பாருங்கள் அக்கா என்றார் கடைக்காரர். சுற்றி நான்கு பேர் நின்றார்கள். பழையதின் விளிம்பைப் பார்த்தாள். எத்தனை வாயோ.

அவள் பௌதிகம் படித்தவள், பள்ளியொன்றில் லேப் அசிஸ்டென்ட். பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்தாள். உள்விட்டம் இரண்டிலும் பதினாறரை மில்லிமீட்டர். கிண்ணத்தின் ஆழமும் ஒன்றே. அப்படியானால் ஒலியும் ஒன்றாகத்தான் இருக்கும். செருப்பையும் ஸ்கேல் வைத்துத்தான் வாங்குவீர்களா என்று கடைக்காரர் வங்காள மொழியில் கேட்டார். அவள் புதியதை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்று மாலை எட்டில் உடைந்தது. வியாழனும் எட்டுதான். விளிம்பின் உள்மடிப்பு கூராக இருந்தது. காலிப்பரின் தாடைக்கு அது அகப்படவில்லை, உதட்டுக்கு அகப்பட்டது.

வெள்ளிக்கிழமை ட்ரம்பெட் பெட்டியோடு மறுபடி போனாள். தட்டிலிருந்த பழையதைக் கைக்குட்டையால் இரண்டு முறை துடைத்தாள். ட்ரம்பெட்டில் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டு உதட்டில் வைத்தாள். ஊதினாள். கடைக்காரர் விரல் விட்டு எண்ணினார். பன்னிரண்டில் அவளாகத்தான் நிறுத்தினாள். மூச்சு மீதி இருந்தது.

புதியதை அவர் மாற்றாக எடுத்துக்கொண்டார். வாய் வைத்ததை இனிப் புதியது என்று விற்க முடியாது என்று சொல்லி, அதே தட்டில் போட்டார். அவள் பெட்டியைப் பூட்டுவதற்குள், பக்கத்தில் நின்ற மீசைக்காரர் அதை எடுத்துத் துடைக்காமலே ஊதிப் பார்த்தார். வித்யாவுக்கு முகம் சுட்டது. வேகமாக இறங்கி நடந்தாள்.

ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்து, முதல் ட்ரம்பெட் தனக்குத்தான் என்றாள். அம்மாவுக்குச் சந்தோஷம். புதிய மவுத்பீஸ் ராசியானது என்றாள்.

"அது இல்லம்மா. இது பழசு."

"யாரோடது?"

"தெரியாது."

"கொதிக்கவாவது வெச்சியோ?"

"நேத்து நீ கோயிலுக்குப் போனப்போ. ரெண்டு தரம்."

"எதுல?"

வித்யா அடுப்பைப் பார்த்தாள். அதே பாத்திரத்தில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவும் பார்த்தாள், பிறகு அடுப்பை அணைத்தாள்.