டெஸ்டில் இல்லாத தடை

ஷிபாவுக்குச் சோறு இறங்கவில்லை. பாதியில் எழுந்து, கைகழுவிவிட்டு, திருவனந்தபுரம் கழக்கூட்டத்து ஆபீஸில் தன் இருக்கைக்கே திரும்பி வந்தாள்.

சாலைக் கடைத்தெருவிலுள்ள ஒரு மருந்து மொத்த வியாபாரிக்காக, எந்த மருந்து எந்த வண்டியில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் திரையை அவள் மாற்றி எழுதியிருந்தாள். டெஸ்டில், அதாவது தப்பு நடந்தாலும் யாருக்கும் சேதமில்லாத நகலில், எல்லாம் சரியாக ஓடியது. சற்று முன்புதான் அதை லைவுக்கு, நிஜ வியாபாரம் நடக்கும் இடத்துக்கு, ஏற்றியிருந்தாள்.

"டெஸ்ட் நகல் பழசு சேட்டா. லைவ்லேருந்து புதுசா ஒண்ணு எடுத்து ஓட்டிப் பாத்துட்டு ஏத்தலாமே" என்று டீம் லீடர் அபினிடம் காலையிலேயே கேட்டாள். இருவரும் பாறசாலைப் பக்கத்துத் தமிழர்கள்.

"அதுக்கு சாயந்திரம் ஆயிரும். உச்சைக்கு முன்ன தாறேன்னு மருந்து முதலாளிகிட்ட சொல்லியாச்சு. நீ ஏத்து, ஒண்ணும் வராது கேட்டியா" என்றான் அபின்.

லைவ் திரையில் ஆர்டர்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. இருமல் மருந்து. குளுக்கோஸ். பிறகு நெய்யாற்றின்கரைக்கு இன்சுலின். அதற்கு நேராகக் குளிர்பெட்டி இல்லாத சாதாரண வேன். புறப்பட்டுவிட்டது என்றது திரை.

குடோன் மேனேஜர் குற்றாலலிங்கத்துக்குப் போன் போட்டாள். தென்காசிக்காரர்.

"அண்ணாச்சி, இன்சுலின் சாதா வண்டியில போகலாமா?"

"எப்படிம்மா போகும்? சூடுபட்டா வீணாப் போயிருமே. அப்படி ஏத்த விடாம கம்ப்யூட்டரே தடுக்கும்லா. கோடை தொடங்கையில அபின் தம்பிதான் போட்டுக் குடுத்தாரு. போன்ல சொன்னேன், உடனே செஞ்சிட்டாரு."

அவளுக்கு விளங்கிவிட்டது. அபின் அந்தத் தடையை நேராக லைவிலேயே போட்டிருக்கிறான். டெஸ்டில் அது இல்லவே இல்லை. அவள் ஏற்றிய புதுத் திரை அதை அழித்துவிட்டது.

"அந்த வண்டிய நிறுத்துங்க அண்ணாச்சி. இனி எதையும் ஏத்தாதீங்க!"

அவள் சத்தம் கேட்டு அபின் ஓடி வந்தான். "அவசரத்துல போட்டேன். டெஸ்ட்லயும் போடணும்னு இருந்தேன், மறந்துட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "பழசைத் திருப்பிப் போட்டிராதே. முதலாளிக்குத் தெரிஞ்சிரும். நான் தடைய மட்டும் லைவ்ல திரும்ப எழுதிருதேன்."

"மறுபடியும் லைவ்லயா? இதே மாதிரி வேற என்னெல்லாம் போட்டிருக்கீங்க சேட்டா?"

அவள் யோசிக்காமல் பழைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தானை அழுத்தினாள்.

எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக்கோடு திரையில் நகர மாட்டேன் என்றது. போன் அடித்தது. "டிரைவர் ஷைஜு போனை எடுக்க மாட்டேங்கான்மா" என்றார் அண்ணாச்சி. அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள். கோடு முடிந்து பழைய திரை வந்த பிறகும் வண்டியைப் பற்றித் தகவல் இல்லை.

கடைசியில் ஷைஜுவே குடோனுக்குக் கூப்பிட்டான். பாலராமபுரம் நெரிசலில் மாட்டியிருந்தானாம். பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் சொல்லி, இன்சுலின் பெட்டியை அவர்களுடைய ஃபிரிட்ஜில் வைத்தார்கள். பெட்டிக்குள் ஐஸ் பைகள் இன்னும் கரைந்திருக்கவில்லை.

முதலாளிக்கு அனுப்ப எழுதி வைத்திருந்த மெயிலில் அபின் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று போட்டிருந்தான்.

"இப்படி எழுதினா, நாளைக்கும் உங்களுக்குப் போன் பண்ணி லைவ்லயே மாத்தச் சொல்லுவாங்க" என்றாள் ஷிபா.

அபின் அந்த வரியை அழித்து, நடந்ததைத் தன் பெயரோடு எழுதி அனுப்பினான். முதலாளி போனில் கத்தினார். லைவில் நேராகக் கைவைக்கும் அனுமதி அபின் உட்பட எல்லோரிடமிருந்தும் பறிக்கப்பட்டது.

அடுத்த வாரம் லைவிலிருந்து புது நகல் எடுத்தார்கள். அபினே மறந்துபோயிருந்த வேறு சில மாற்றங்களும் அதில் அகப்பட்டன. எல்லாவற்றையும் சேர்த்துச் சோதித்த பிறகே ஷிபா மறுபடி ஏற்றினாள். குடோனிலிருந்து அண்ணாச்சி வேண்டுமென்றே கம்ப்யூட்டரில் இன்சுலினைச் சாதா வண்டிக்குப் போட்டுப் பார்த்தார்.

"தடுக்குதும்மா!" என்று போனில் சிரித்தார்.

அபின் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வேற ஏதாவது விட்டிருப்போமா?"

"தெரியல சேட்டா" என்றாள். இருவரும் வந்து விழும் ஆர்டர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.