அரைநாள் புருஷன்

செவ்வாய்க்கிழமை காலையானால் சுகாதார நிலையத்து வாசல் மாமரத்தடியில் சைக்கிள்காரர்கள் வந்து நின்றுவிடுவார்கள். பின்சீட்டில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவர்கள். மற்ற நாளில் சவாரி, செவ்வாயில் வேறு வேலை. அன்று கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். புருஷனோடு வந்தால்தான் முதல் சோதனை, இல்லாவிட்டால் ஊர்த்தலைவரிடம் கடிதம் வாங்கி வர வேண்டும் என்று ஒரு சட்டம். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் ஜோஹானஸ்பர்க்கில் கிடக்கிறார்கள். கடிதத்துக்குத் தலைவர் ஒரு கோழி கேட்பார். மரத்தடிப் புருஷன் ஒரு பிடி கருவாட்டுக்கே எழுந்து வருவான்.

சட்டம் போட்டவர்கள் ஏதோ சுகாதாரத் திட்டமென்று வெள்ளைக் காரில் வந்தவர்கள். ஆண்களும் பொறுப்பெடுக்கட்டும் என்ற நல்லெண்ணமாம். இருக்கட்டும். நல்லெண்ணத்தோடு வந்து போகிற கார்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். சுவரில் ‘ஆரோக்கியம் எல்லோருடைய உரிமை’ என்று பெரிதாக எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள், அந்த எழுத்துக்குக் கீழேயே ஒரு பெண்ணைப் புருஷன் இல்லையென்று திருப்பி அனுப்பியாயிற்று.

எஸ்னாத்தி அப்படித் திரும்பிப் போக விரும்பவில்லை. அவள் புருஷன் வைசன் ஜோஹானஸ்பர்க்கில் சுவர் பூசுகிறான். மேடிட்ட வயிறும், இடுப்புத் துணி முடிச்சில் கருவாடுமாக மரத்தடிக்கு வந்து நின்றாள்.

“யாருப்பா வர்றீங்க?”

“லாஸ்டனைக் கூட்டிட்டுப் போம்மா. எங்கள்ல அவன்தான் அனுபவஸ்தன். இந்த மாசம் மட்டும் நாலு பொண்டாட்டி,” என்றான் ஒருத்தன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

“வாயை மூடுடா,” என்று லாஸ்டன் சைக்கிளை மரத்தில் சாய்த்தான். “என் பேரு இப்ப என்னம்மா?”

“வைசன். தலையாட்டினா போதும். வாயைத் தொறந்துடாத.”

“என் வீட்டுக்காரியும் இதையேதான் சொல்றா.”

நர்ஸ் கலுவா முகம் பார்க்கிறவள் அல்ல. பார்க்க நேரமும் இல்லை. அத்தனை நீள வரிசைக்கு அவள் ஒருத்திதான். எஸ்னாத்தியின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, லாஸ்டனைச் சன்னல் ஓரம் அழைத்தாள்.

“உன் பொண்டாட்டிக்கு பிரஷர் ஏறியிருக்கு. தலைவலி விடாம இருந்தாலோ, மூஞ்சி வீங்கினாலோ, கண்ணு முன்னால மினுமினுன்னு தெரிஞ்சாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காத. தூக்கிட்டு வந்துடு. விட்டா வலிப்பு வரும், ரெண்டு உசிரும் போயிடும். அவகிட்ட சொல்லல. பயந்தா இன்னும் ஏறும். வீட்டுக்கு ஆம்பள நீ, நீ பாத்துக்க.”

லாஸ்டன் தலையாட்டினான். தலையாட்டத்தானே கூலி.

வழியில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தான். ஆனால் முன்பின் பழகாத பெண்ணிடம் அவள் வயிற்றைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது? பாலம் தாண்டட்டும் என்று நினைத்தான். பாலம் தாண்டியதும் மணலில் சங்கிலி கழன்றது. மாட்டி முடிப்பதற்குள் அவள் வீட்டுப் பாதை வந்துவிட்டது. கருவாட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அதன் பிறகு அவன் அதை மறந்தே போனான். சில வாரம் கழித்து, மக்காச்சோளம் அரைக்கும் மில்லில் மூட்டையோடு வரிசையில் நின்றபோதுதான் முன்னால் நின்ற பெண்களின் பேச்சு காதில் விழுந்தது.

“எஸ்னாத்திக்கு நேத்துலேர்ந்து மண்டை பிளக்குதாம். மூஞ்சி பாக்க முடியல, அப்படி வீக்கம்.”

“பட்டப்பகல்ல மின்மினி பறக்குதுன்னு சொல்றாளாம்டீ.”

“எவளோ ஏவி விட்டிருக்கா. அவ தாய்மாமன் வேர் இடிச்சிட்டிருக்கார்.”

சன்னல் ஓரம் நர்ஸ் சொன்னது லாஸ்டனுக்கு ஒரு சொல் விடாமல் திரும்பி வந்தது. மூட்டையை வரிசையிலேயே விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினான்.

பாதி வழியில் நிறுத்தினான். போய் என்னவென்று சொல்வது? அடுத்தவன் பெண்டாட்டியின் வயிற்றுச் சேதி தெரிந்தவனுக்கு எங்கள் பக்கம் ஒரே பெயர்தான். ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான். திரும்பிப் போனாலும் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பே அவனைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். மறுபடி மிதித்தான்.

எஸ்னாத்தி வாசல் நிழலில் பாயில் கிடந்தாள், நெற்றியைச் சுற்றித் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. பக்கத்தில் தாய்மாமன் பினியாசி உலக்கையால் வேர் இடித்துக்கொண்டிருந்தார். அக்கா மகள்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அவர் சொல்லாமல் அந்த வீட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கக் கூடாது.

“பெரியவரே, இவங்கள உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்.”

“நாங்க சைக்கிள் கூப்பிடலையே.”

“நர்ஸ் சொன்னாங்க. தலை வலிச்சா, கண்ணு மின்னினா, காத்திருக்கக் கூடாதுன்னு.”

உலக்கை நின்றது. “எங்க வீட்டுப் பொண்ணப் பத்தி நர்ஸ் உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?”

லாஸ்டன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். “என்னைப் புருஷன்னு நெனச்சு...”

பினியாசி உலக்கையோடு எழுந்துவிட்டார்.

“அடிக்காதீங்க மாமா.” கண் திறக்காமலே எஸ்னாத்தி பேசினாள். “அவன் அரைநாள் புருஷன். கருவாட்டுக்கு வந்தான். தலைவருக்குக் குடுக்க என்கிட்ட ஏது கோழி? உங்ககிட்ட கேட்டா திட்டுவீங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “எனக்கு என்னன்னு சொன்னாங்க, லாஸ்டன்?”

அவன் சொன்னான். வலிப்பு என்ற சொல் வந்ததும் பினியாசியின் கை இறங்கியது.

“இத்தனை நாளா உனக்குத் தெரியும்,” என்றாள் எஸ்னாத்தி. “எனக்குத் தெரியாது.”

சொல்லி வாய் மூடவில்லை, அவள் கைவிரல்கள் தானாக வெட்டி இழுத்தன. உலக்கையைப் போட்டுவிட்டு, “ஏத்துடா,” என்று கத்தினார் பினியாசி.

லாஸ்டன் மிதிக்க, அவள் முதுகைத் தாங்கியபடி கிழவர் கூடவே ஓடினார். பாலத்துக்கு இப்பால் மணலில் சக்கரம் புதைந்தது. இரண்டு பேரும் தள்ளினார்கள்.

“பேசும்மா. என்னைத் திட்டவாவது செய்.”

“கருவாட்டைத் திருப்பிக் குடு...”

“குடுக்குறேன். இன்னும் திட்டு.”

அதன் பிறகு குரல் இல்லை. லாஸ்டன் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. “மூச்சு இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே மிதித்தான். “மிதி,” என்றார் பினியாசி. அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

சுகாதார நிலையத்து வாசலில் வலிப்பு வந்துவிட்டது. கலுவா ஊசியோடு ஓடிவந்தாள். போட்டாள், அடங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், நிலையத்து வண்டியில் டீசல் இல்லை. ஏரியிலிருந்து மீன் ஏற்றி வந்த லாரிக்கு முன்னால் பினியாசி கையை விரித்துக்கொண்டு நின்றார். டிரைவர் கெட்ட வார்த்தையில் திட்டினான், அவர் நகரவில்லை. மீன் கூடைகளுக்கு நடுவில் எஸ்னாத்தியைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள்.

வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். கைக்கடங்கிய பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

குழந்தைக்குத் தடுப்பூசி போட ஒரு செவ்வாய்க்கிழமை எஸ்னாத்தி வந்தாள். கூடவே பினியாசி. மரத்தடியில் லாஸ்டன் தலையைக் குனிந்துகொண்டான்.

கலுவாவுக்கு அவள் முகம் இப்போது நன்றாக நினைவிருந்தது. “உன் புருஷன்கிட்ட அன்னைக்கே தெளிவா சொன்னேனே. ஏன் அவ்வளவு லேட்டா வந்தீங்க?”

“அவன் என் புருஷன் இல்ல சிஸ்டர். மரத்தடியில கருவாடு குடுத்துப் பிடிச்சேன். நீங்க போட்ட சட்டம்.”

வரிசையில் சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. கலுவா கையில் ஊசியோடு நின்றாள்.

“புருஷனே வந்திருந்தாலும் என்ன சிஸ்டர்? வலிச்சது என் தலை. சாகப் போனது நான். எனக்கு என்ன நோவுன்னு சைக்கிள்காரனுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. வைத்தியம் புருஷனுக்குக் குடுக்குற மரியாதை இல்ல. அது என் உரிமை. தனியா வந்தாலும் பாக்கணும், பாத்தத என்கிட்டயே சொல்லணும்.”

“சரியாத்தான் கேக்குறா,” என்றார் பினியாசி. “நானும் இனிமே குறுக்க நிக்க மாட்டேன். போகணும்னு தோணினா போகட்டும். என்னைக் கேக்க வேணாம்.”

கலுவா குழந்தைக்கு ஊசி போட்டாள். வரிசையின் கடைசியில், யாரும் கூட இல்லாமல், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சட்டம் இன்னும் தாளில் அப்படியேதான் இருக்கிறது. வெள்ளைக் கார் திரும்பி வந்தால் என்ன சொல்லுமோ, எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அன்று நடந்ததை நான் பார்த்தேன்.

“நீ வாம்மா முன்னால,” என்று கலுவா அவளைக் கூப்பிட்டாள். கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்துவிட்டு, அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“இது உன் உடம்பு. இதப் பத்தி உன்கிட்டதான் சொல்வேன். நல்லாக் கேட்டுக்க.”