பன்னிரண்டுக்கு மேல்

உறைந்த பட்டாணிப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் குளிர்கிடங்கில் அண்ணியும் நாத்தனாரும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். வீட்டில் ஒரே அடுப்படி, இங்கேயும் ஒரே அறை. "ரெண்டு பேரும் எங்கதான் சண்டை போடுவீங்க?" என்று சூப்பர்வைசர் கேலி செய்வார். "பஸ்ல போட்டு முடிச்சிடுவோம் சார்" என்பாள் நாத்தனார். வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குப் புதிது. அண்ணி அங்கே பழைய ஆள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். சின்னவள் குளிர்ச்சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நின்றாள். ஃப்ரீசர் வாசலில் ஒரு பெட்டி தனியாகக் கிடப்பது அப்போதுதான் அண்ணி கண்ணில் பட்டது. திங்கள்கிழமை வரை வெளியே கிடந்தால் கூழாகிவிடும். தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். "வாங்க அண்ணி, நேரமாச்சு" என்று சின்னவளும் ஒரு பக்கம் கை கொடுக்க வந்தாள். கனமான கதவு அவர்கள் முதுகுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

உள்ளேயிருந்து திறப்பதற்கு ஒரு பச்சைக் குமிழ் உண்டு. அண்ணி அழுத்தினாள். குமிழ் தொளதொளவென்று உள்ளே போய் அங்கேயே நின்றுவிட்டது. கதவு அசையவில்லை. தோளால் இடித்துப் பார்த்தாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. இரு."

போன் இரண்டும் வெளியே அலமாரியில். இனி திங்கள்கிழமை காலையில்தான் யாராவது உள்ளே வருவார்கள். இருவரும் கதவைத் தட்டினார்கள், கத்தினார்கள். அவ்வளவு தடித்த கதவு எதையும் வெளியே விடவில்லை. அண்ணி தன் குளிர்ச்சட்டையைத் திறந்து சின்னவளையும் அதற்குள் இழுத்துக்கொண்டாள். மெல்லிய பருத்தி உடுப்போடு நின்ற அந்தப் பெண்ணின் உடம்பு கிடுகிடுவென்று ஆடியது.

கதவுக்கு மேலே வெப்பநிலை காட்டும் சிவப்பு எழுத்துகள். −20. அதன் பக்கத்தில் ஓர் அறிவிப்பு: −12க்கு மேல் போனால் காவலாளி அறையில் அலாரம் அடிக்கும்.

சின்னவள்தான் முதலில் படித்தாள். "அண்ணி, பன்னெண்டுக்கு மேல போனா அடிக்குமாம். இப்பவே இருபதாச்சே. அப்ப அடிச்சிக்கிட்டுதானே இருக்கும்?"

அண்ணிக்கும் உயிர் வந்தது. கேட்டில் காவல் இருக்கும் பெரியவர் இதோ எழுந்து வருவார். காத்திருந்தார்கள். தலைக்கு மேலே குளிர்காற்றாடி உறுமியது. எண் இருபத்தொன்று ஆனது, இருபத்திரண்டு ஆனது.

"ஏறுது அண்ணி" என்றாள் சின்னவள். பற்கள் அடித்துக்கொண்டாலும் குரலில் ஒரு சந்தோஷம்.

இருபத்து மூன்று. யாரும் வரவில்லை. சின்னவளின் உதடு நீலமாகியிருந்தது. ஏறுகிறது என்றால் இவள் ஏன் இப்படி விறைக்கிறாள்? அண்ணி மறுபடி எண்ணைப் பார்த்தாள். அப்போதுதான் அதன் முன்னால் இருந்த சின்னக் கோடு அவள் மனதில் பட்டது. கிடங்கில் யாரும் மைனஸ் என்று சொல்வதே இல்லை. இன்றைக்கு இருபது, நேற்று இருபத்தொன்று என்றுதான் பேசுவார்கள். அந்தக் கோடு கண்ணாடியில் ஒட்டிய அழுக்கு மாதிரி ஆகிவிட்டிருந்தது.

போன மாதம் மின்சாரம் போனதே, அன்றைக்கு என்ன நடந்தது? இருபது பத்தொன்பதானது, பதினேழானது. குறைந்துகொண்டே வந்து பன்னிரண்டைத் தாண்டி பதினொன்றைத் தொட்டபோதுதான் அலாரம் அலறியது.

"குட்டி, இது ஏறல. இறங்குது" என்றாள். "அலாரம் நமக்கு மேல இருக்கு. நாம இன்னும் கீழ போயிக்கிட்டிருக்கோம்."

சின்னவள் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். ஆனாலும் அண்ணியின் மனம் கணக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இருபத்து மூன்றிலிருந்து பன்னிரண்டுக்குப் பதினொன்று. குளிரில் பதினொன்றுக்கு மேல் கழிக்க வேண்டும். கழிக்கச் சூட்டுக்கு எங்கே போவது? உடம்பைத் தவிர இங்கே சூடு ஏது?

பின்சுவரில், காற்றாடிக்குக் கீழே, ஒரு ஒயரின் நுனியில் விரல் நீளத்துக்கு, அறையின் குளிரை அளந்து அந்த எண்ணைக் காட்டவைக்கும் சென்சார் கம்பி தொங்கியது. அறை முழுவதையும் சூடாக்க வேண்டியதில்லை. அந்தக் கம்பிக்குச் சூடு பிடித்தால் போதும்.

அண்ணி சின்னவளையும் கூட்டிக்கொண்டு பெட்டிகளின் மேல் ஏறி அதை இழுத்து, சட்டைக்குள் விட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கொள்ளிக்கட்டையை வைத்ததுபோல் இருந்தது. பல்லைக் கடித்தாள்.

"படிச்சு சொல்லு. என்னைப் பாக்காத."

"இருபது… பதினாறு… பதிமூணு." சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "பத்து அண்ணி. தாண்டிடுச்சு."

காது கொடுத்துக் கேட்டார்கள். காவலாளி அறையில் அடிக்கும் மணி இங்கே கேட்காது. அடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. யாரும் வரவில்லை. அதைவிட மோசமாக, காற்றாடியின் உறுமல் திடீரென்று இரண்டு மடங்கானது. அறை சூடாகிவிட்டதென்று இயந்திரம் நம்பிவிட்டது. கம்பியில் சூடு ஏற ஏற அது இன்னும் குளிரைக் கொட்டியது. அண்ணியின் இமைகளில் பொடிப்பனி ஒட்டியது.

"அஞ்சு… ரெண்டு… சைபர்." பிறகு சின்னவளின் குரல் உடைந்தது. "மூணு. ஆறு. திரும்பவும் கூடுது அண்ணி, எடுத்துடுங்க. குளிர் கூடுது."

"முன்னாடி கோடு இருக்கா?"

"இல்ல."

"அப்ப அது சூடு. சைபரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துட்டோம். படி."

எடுத்துவிடலாமா என்று அவளுக்கும் தோன்றியது. எடுத்தால் காற்றாடி அடங்கும். அலாரமும் அடங்கும். பெரியவர் ஒருவேளை டீ குடிக்கப் போயிருந்தால், திரும்பி வரும்போது மணி ஓய்ந்திருக்கும். சின்னவள் இப்போது எண்களைக் குழறினாள். கண் சொருகியது. அண்ணி ஒரு கையால் அவள் கன்னத்தில் அறைந்தாள். "படிடி."

"இருபத்து… நாலு."

கதவு திறந்தபோது வெளிச்சம்தான் முதலில் வந்தது. கேட்டுப் பெரியவர் கையில் தீயணைப்பு உருளையோடு நின்றார். பின்னால் அவர் சொன்னது இது: "பத்துல அடிச்சப்ப கரண்டு ஆட்டம் காட்டுதுன்னு அமத்திட்டேன். மறுபடி அடிச்சுது, மறுபடி அமத்தினேன். அப்புறம் என் ரூம்ல இருக்கிற போர்டப் பாத்தா இருபத்தஞ்சு, முன்னாடி மைனஸ் இல்ல. உள்ள தீதான் புடிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

மைனஸ் பத்திலேயே அண்ணி கம்பியை எடுத்திருந்தால் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

சின்னவளின் கால் விரல்களில் உணர்ச்சி வரப் பல நாள் ஆனது. அண்ணிக்கு அக்குளில் தோல் உரிந்து புண்ணாகி, கம்பியின் நீளத்துக்கே ஒரு தழும்பு நின்றது. கிடங்கில் குமிழை மாற்றினார்கள். சின்னவள் அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று துணிக்கடையில் சேர்ந்துகொண்டாள். அண்ணி மறுபடி கிடங்கு வேலைக்குப் போனாள். முதல் நாள் வாசலில் நின்றவள் உள்ளே கால் வைக்க முடியாமல், கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, பிறகு வேலை பார்த்தாள்.

வீட்டில் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ராத்திரி எந்த அறைக் கதவும் சாத்தப்படுவதில்லை. "கொசு பிடுங்கித் தின்னுது, ஒரு கதவையாவது மூடித் தொலைங்களேன்" என்று அண்ணன்காரன் புலம்புவான். இந்த அறையிலிருந்து மனைவியும் அந்த அறையிலிருந்து தங்கையும் ஒரே குரலில் வேண்டாம் என்பார்கள்.